பேராசிரியர் ஜஹானாவின் பதவியேற்புரை

அன்று காலை ஜஹானா கேட்டது அரை அங்குலக் குழாயை மூலையில் திருப்பிப் பூட்டும் எல்போ ஒன்று. கெலிஓயா டவுனில் அவளுடைய கணவர் றவூப் நடத்திய ஹார்ட்வெயார் கடையில் அது சாக்குக் கணக்கில் கிடந்தது. அப்படியிருந்தும் ஒரு கிழமையாக அதைக் கொண்டுவர அவருக்கு மறந்துகொண்டே இருந்தது.

"ஊருக்கெல்லாம் பைப் பூட்டுறீங்க. என்ட கொடிக்கு ஒரு எல்போ இல்ல," என்றாள் ஜஹானா, சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைப் படியில் தட்டியபடி.

"ராவைக்குக் கட்டாயம் கொண்டு வாறன்."

"ராவைக்கு வரக்கொள்ள மறந்துடுவீங்க. கடையத் தொறந்த ஒடனே சேர்ட் பொக்கட்டுல போட்டுக்கொள்ளுங்க. பொக்கட்டுல ஈந்தா மறக்க மாட்டீங்க."

றவூப் அப்படியே செய்தார். பகல் தொழுகைக்குப் போகக் கடைக் கதவை இழுக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. எல்போ பொக்கட்டில்தான் இருந்தது. ஜஹானாவின் மூளையில் இரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து சேர்ட்டைக் கழற்றும்போதும் அது அங்கேயே இருந்தது.

கலாநிதி ஜஹானா குண்டசாலைப் பக்கம் இருக்கும் மத்திய மலைநாட்டுத் தாவர உயர்கல்வி நிறுவகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர். தாவரக் குடித்தொகை மரபியல் அவளுடைய துறை. கடைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு றவூப் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"காட்டு மிளகுக் கொடி ஈக்குதானே. இந்த மலைக் கொடியும் அந்த மலைக் கொடியும் சொந்தமா, சொந்தமெண்டா எவ்வளவு கிட்டத்துச் சொந்தம், எந்தக் காலத்துல பிரிஞ்ச எண்டு அவ பாக்கிற. கலியாணம் பேசக்கொள்ள நம்மட பெரியாக்கள் பாக்கிற மாதிரித்தான். ஆனா அவ மெஷின்ல பாக்கிற."

இந்த விளக்கத்தை ஜஹானா ஒருநாளும் மறுத்ததில்லை. சொந்தம் பார்ப்பதற்காக அவள் நக்கிள்ஸ், ஹந்தானை, நமுனுகுலை, சிங்கராஜா என்று இருபது வருடமாகக் காடு காடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு காட்டிலிருந்தும் கொடித் துண்டு வெட்டி வந்து, நிறுவகத்தின் பின்பக்கத்தில் மேலே பொலித்தீனும் சுற்றிவரப் பச்சை வலையும் போட்ட ஒரு கொட்டகையில் வளர்த்தாள். அதற்கு வலைவீடு என்று பெயர். கொடிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. வெற்றிலை மாதிரி நுனி கூரான, அகன்ற இலை. அதனால் ஒவ்வொரு கொடியிலும் அது எந்த மலை, எந்த இடம் என்று எண் குத்திய அலுமினியத் தகடு ஒன்று தொங்கியது. தகடுகளைக் கடையில் வெட்டிக் கொடுத்தவர் றவூப். கொடி வெட்டிய இடங்களில் சில இப்போது ஹோட்டல்களாகிவிட்டன. ஓரிடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அந்த இடங்களின் மிளகு பிறகு இந்த வலைவீட்டில் மட்டுமே இருந்தது. எந்த மலையென்று தெரியாத கொடி தனக்கு வெறும் இலைதான் என்று அவள் சொல்வாள்.

பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பித்து எட்டு வருடமாகியிருந்தது. முதல் முறை, விண்ணப்பதாரி ஒரே தாவரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார், பரந்த நோக்கு இல்லை என்று குழு திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை ஓர் அறிவுரை வந்தது. விண்ணப்பதாரியின் கொடி பூப்பதற்கு மூன்று வருடம் எடுக்கிறது, புள்ளிகளோ வருடாந்தம் கணக்கிடப்படுகின்றன, ஆகவே விரைவாக வளரும் தாவரம் ஒன்றுக்கு, உதாரணமாக வல்லாரைக்கு, ஆய்வை மாற்றிக்கொள்வது அவருக்கே நல்லது. மூன்றாம் முறை விண்ணப்பம் வெளி மதிப்பீட்டாளரிடம் போனது. அவர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் கனடாவுக்குப் போனார். அதற்கும் அடுத்தவர் உண்மையாகவே வாசித்துவிட்டு, ஆய்வு மிக நன்றாக இருக்கிறது என்று எழுதினார். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் விண்ணப்பதாரிக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவரை நீக்கினார்கள்.

புள்ளித் திட்டத்தை ஜஹானா குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு குழுவில் இருந்தால் ஒரு புள்ளி. குழுவைக் கூட்டினால் இரண்டு. கலாசார விழாவுக்கு உடை ஒருங்கிணைப்பாளராக இருந்தால் மூன்று. நக்கிள்ஸ் மிளகும் நமுனுகுலை மிளகும் பல்லாயிரம் வருடமாக ஒன்றையொன்று காணாமல் வாழ்ந்தவை என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினால் அரை. அந்த அரையையும் கூட எழுதியவரோடு பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு றவூப் வலைவீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் குண்டசாலைக்குப் போனார். சாவியைக் கொடுத்துவிட்டு, கொடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவதுதான் எண்ணம்.

ஊழியர் விவகாரம் பார்க்கும் தாபனப் பிரிவில் உதவிப் பதிவாளர் சர்மிளா இருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து இந்தக் கதிரைக்கு வந்தவர். மரியாதை தெரிந்தவர். றவூபை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்கினார்.

"சாவிய நாங்க எடுக்க முடியாதுங்க சேர். அது மேடம் பேர்ல இருக்கு. அவங்கதான் வந்து ஒப்படைக்கணும்."

"மிஸ், அவ மவுத்தாப் பெய்த்தா. நீங்களும் ஊட்டுக்கு வந்தீங்க."

"வந்தேன் சேர். அன்னைக்கு முழுக்க நான் சாப்பிடவே இல்ல." சர்மிளாவின் கண் உண்மையாகவே கலங்கியது. "ஆனா அது உங்க பக்கம். எங்க பக்கம் மேடத்தோட பதவி உயர்வு ஃபைல் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஃபைல் ஓடுற வரைக்கும் அவங்க விண்ணப்பதாரி. விண்ணப்பதாரிய எந்தக் காரணத்துக்காகவும் சேவையிலருந்து எடுக்கக் கூடாதுனு சுற்றறிக்கை இருக்கு."

"மரணச் சான்றிதழ் தந்தேனே."

"கெடச்சிச்சி சேர். மருத்துவ லீவோட சேத்து வச்சிருக்கோம்."

றவூப் தேநீரைக் கொஞ்சம் குடித்தார். "அப்ப ஃபைல நிப்பாட்டுங்களன்."

சர்மிளா குரலைத் தாழ்த்தினார். "நிப்பாட்டலாம். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அன்னைக்கே மேடம் இறந்துட்டதா எடுத்துக்குவோம். மறுநாளே நெட் ஹவுஸ் பீடாதிபதி சேருக்குப் போயிரும். அந்தூரியம் போடணும்னு அவரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. கொடியெல்லாம் புடுங்கிருவாங்க."

"கொடிகள நான் ஊட்டுக்குக் கொண்டு போறனே."

"ஐயோ சேர், அது அரச சொத்து. ஒரு எலை வெளிய போறதுனாலும் பணிப்பாளர் நாயகம் கையெழுத்து வைக்கணும்."

"ஃபைல நிப்பாட்டாட்டி?"

"நிப்பாட்டாட்டி மேடம் இருக்காங்க. மேடம் இருக்கிற வரைக்கும் யாரும் நெட் ஹவுஸத் தொட முடியாது. பேராசிரியரா வந்துட்டாங்கனா இன்னும் நல்லது சேர். பேராசிரியருக்குக் குடுத்த எடம் ஓய்வு வயசு வரைக்கும் அவங்களுக்குத்தான்."

ஜஹானாவுக்கு ஓய்வு வயது வர இன்னும் பதினாலு வருடம் இருந்தது. மனைவியைத் தாபனப் பிரிவில் உயிரோடு வைத்திருப்பது என்று றவூப் அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவெடுத்தார். சாவியைத் திரும்பப் பொக்கட்டில் போட்டுக்கொண்டார்.

வலைவீட்டு வாசலில் தோட்ட வேலையாள் இருளப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, தண்ணி நான் வலைக்கு வெளியருந்தே ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஊத்துறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க. மேடம் எழுதிக் கேக்காம பைப்பத் தொறக்கக் கூடாதுனு ஆர்டர். யாராச்சும் கேட்டா மழைனு சொல்லிருவேன்."

வலைவீட்டின் கூரை பொலித்தீன் என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை. றவூப் உள்ளே போய், கசிந்துகொண்டிருந்த குழாய்க்கு, பொக்கட்டில் கொண்டு வந்திருந்த எல்போவைப் பூட்டினார். கொடிகள் செழிப்பாக இருந்தன.

அதன் பிறகு நிறுவகத்திலிருந்து ஜஹானாவுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. வருகைப் பதிவில் கைவிரல் வைக்கத் தவறியது ஏன் என்று ஒன்று கேட்டது. யோகாசன நாளில் கலந்துகொள்ளாததற்கு விளக்கம் கோரியது இன்னொன்று. மூன்றாவது, பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு வரும்படி அழைத்தது. வராவிட்டால் விண்ணப்பத்தை அவரே விலக்கிக்கொண்டதாகக் கருதப்படும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

றவூப் கடிதத்தைச் சர்மிளாவிடம் கொண்டு போனார்.

"தவிர்க்க முடியாத காரணம் இருந்தா பிரதிநிதி ஒருத்தர் வரலாம் சேர்," என்று சர்மிளா விதிக்கோவையைப் புரட்டினார். "வெள்ளம், மண்சரிவு, ரயில் தடம்புரளல், வேறு. மேடத்த 'வேறு'ல போடுறேன். ஆனா நீங்க அங்க வாயே தொறக்கக் கூடாது. நீங்க ஏதாச்சும் சொன்னா அதுக்கும் புள்ளி போடுவாங்க. அது மேடத்தோட கணக்குல வந்துரும்."

றவூபின் தங்கை றிப்தா மடவளையிலிருந்து வந்து அவருடைய கோட்டை அயன் பண்ணிக் கொடுத்தாள்.

"நானா, மவுத்தான மனிசிக்குப் பதவி குடுத்து என்ன செய்யப் போறாங்க?"

"அவக்கு ஒண்டும் இல்ல. கொடிக்கு எடம் கெடைக்கும்."

"உயிரோட ஈக்கக்கொள்ள குடுத்தீந்தா ரெண்டு பேருக்கும் கெடச்சீக்கும்," என்றாள் றிப்தா, அயனைத் தூக்கி நிறுத்திவிட்டு.

தேர்வு மண்டபத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், பீடாதிபதி பேராசிரியர் சிற்றம்பலம். ஒரு பக்கம் வெளி உறுப்பினரான மாட்டுத் தீவன நிபுணர். மறுபக்கம் பணிப்பாளர் நாயகத்தின் சார்பில் ஒரு கணக்காளர். எதிரே விண்ணப்பதாரிக்கு ஒரு கதிரை போட்டு, முன்னால் பெயர்ப்பலகையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்திருந்தார்கள். றவூபைச் சுவரோரமாக உட்கார வைத்தார்கள்.

"மிஸ்டர் றவூப், வீட்டுக்கு நான் வந்தனான், தெரியுந்தானே," என்றார் பீடாதிபதி. "எனக்குச் சரியான கவலை. அது தனிப்பட்ட முறையில. இஞ்ச நான் தலைவர்."

பிறகு வெறுங்கதிரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கலாநிதி ஜஹானா, உங்கட எதிர்கால ஆய்வுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கோ."

மூவரும் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது.

"புதிதாகச் செலவு எதுவும் கேட்கவில்லை," என்று கணக்காளர் குறித்துக்கொண்டார்.

மாட்டுத் தீவன நிபுணரின் முறை வந்தது. "இந்தக் காட்டு மிளகை மாடு தின்னுமா?"

இதற்கும் பதில் இல்லை. நிபுணர் மெல்லத் தலையசைத்தார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதது ஓர் ஆய்வாளருக்கு அழகு என்று சொல்லி முழுப் புள்ளியும் போட்டார்.

அடுத்ததாகக் கற்பித்தல் செய்துகாட்டல். அதற்குக் கால் மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. மூவரும் நாற்காலிகளை வெண்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு வெண்பலகையைப் பார்த்தபடி இருந்தார்கள். நிபுணரின் தலை இரண்டு தடவை நெஞ்சில் விழுந்தது. றவூப் வாயைத் திறக்கக் கூடாது என்பதை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் கணக்காளர் மணியைத் தட்டினார். இந்த நிறுவகத்தில் ஒரு விரிவுரை உரிய நேரத்தில் முடிந்ததைத் தான் இன்றுதான் காண்பதாக நிபுணர் சொன்னார்.

கடைசியில் பீடாதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"நான் வெளிப்படையாச் சொல்லுறன். எட்டு வருசமா இந்த விண்ணப்பத்துக்குக் குறுக்க நிண்டவன் நான்தான். கலாநிதிக்குத் திறமை இல்லையெண்டு நான் ஒருக்காலும் சொல்லேல்லை. அவவிட்ட ஒரு குறை இருந்தது. கேள்வி கேப்பா. கூட்டத்தில கேப்பா, கடிதத்தில கேப்பா, விறாந்தையில கண்டாலும் மறிச்சு வச்சுக் கேப்பா. ஆய்வுக்கு வந்த காசில ஏன் அந்தூரியம் எண்டு கேட்டவ. இப்ப இந்தப் போன நாலு மாசத்தைப் பாருங்கோ. ஒரு கடிதம் இல்லை. ஒரு ஆட்சேபனை இல்லை. லீவு கேக்கேல்லை, வாகனம் கேக்கேல்லை. ஒராள் இவ்வளவு கெதியா முதிர்ச்சி அடைஞ்சதை நான் என்ர சேவைக் காலத்தில காணேல்லை. இதுதான் பேராசிரியருக்குரிய பக்குவம். நாங்கள் எல்லாரும் இதை முன்மாதிரியா எடுக்க வேணும்."

கணக்காளர் வழிமொழிந்தார். கலாநிதி ஜஹானா பேராசிரியரானார்.

ஆனால் பதவி அமுலுக்கு வருவதற்கு அவர் பதவியேற்புரை நிகழ்த்த வேண்டும் என்று நியமனக் கடிதத்தின் அடியில் இருந்தது. இத்தனை தூரம் வந்த பிறகு இதற்கு என்ன செய்வது என்று றவூபுக்கு விளங்கவில்லை. சர்மிளா சிரித்தார்.

"அது லேசுங்க சேர். உரைய அச்சடிச்சி மேசையில வச்சிட்டா 'வாசித்ததாகக் கொள்ளப்படும்'. விதி இருக்கு. இதுவரைக்கும் எல்லாப் பேராசிரியரும் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அன்னைக்கோட மேடம் நிரந்தரம். நெட் ஹவுஸப் பத்தி நீங்க கவலையே பட வேணாம்."

றவூப் ஜஹானாவின் கடைசிக் கட்டுரையை அச்சகத்தில் கொடுத்து அழகாகப் புத்தகமாக்கினார். மண்டபத்துக்கு வயர் வேண்டும் என்று கேட்டபோது கடையிலிருந்து ஒரு சுருளை அனுப்பி வைத்தார். விழா எப்போது, விழா எப்போது என்று அவரே கிழமைக்கு இருமுறை கோல் எடுத்துக் கேட்டார்.

விழாவன்று றிப்தாவையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கண்டி மேளம் முழங்கியது. ஓசரிச் சேலை உடுத்த மாணவிகள் இருபக்கமும் வரிசையாக நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வெற்றிலைக் கட்டு ஒன்றை இரு கைகளாலும் நீட்டி வணங்கினார்கள். எந்த விழாவிலும் செய்கிற வரவேற்புத்தான். றவூபும் வணங்கி ஒன்றை வாங்கினார். நடக்க நடக்கக் கையிலிருந்து ஒரு வாசனை வந்தது. அது வெற்றிலை வாசனை இல்லை. ஈரமண்ணும் காரமும் கலந்த ஏதோ ஒன்று. பின்னேரங்களில் ஜஹானா வீட்டுக்குள் வந்து முக்காட்டைக் கழற்றும்போது வருகிற வாசனை. அவர் கட்டைத் திருப்பிப் பார்த்தார். இலைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது நூலால் அல்ல, பச்சைக் கொடித் தண்டால்.

மேடையை நிமிர்ந்து பார்த்தார். தூண்களிலும் பேச்சு மேசையிலும் ஜஹானாவின் பெரிய படத்தைச் சுற்றியும் கொடிகளை வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள். நீளமாக வளர்ந்த கொடிகள். நல்ல கைவேலை.

மண்டபத்தின் பக்கக் கதவருகே இருளப்பன் நின்றார். றவூப் அவரிடம் போனபோது அவர் தரையைப் பார்த்தார்.

"வெத்தல வாங்கணும்னா மூணு கடையில வெல எழுதி வாங்கணுமாம் மொதலாளி. அதுக்கு நேரம் பத்தலைனு விழாக் குழு ஐயாமாரு காலையில கத்தியோட நெட் ஹவுஸுக்கு வந்தாங்க. பணிப்பாளர் நாயகம் கையெழுத்து வச்ச தாளும் கொண்டாந்தாங்க. பூட்ட ஒடைச்சாங்க. நான் சொன்னேன், இது மேடத்தோடதுங்க, தொடாதீங்கனு."

"அவங்க என்ன சென்னாங்க?"

"மேடத்துக்குத்தானே விழானு சொன்னாங்க."

"வேரோட ஏதும் மிச்சம் ஈக்கா?"

"சட்டியெல்லாம் கவுத்து மேடைக்கு முன்னால அடுக்கியிருக்காங்க. மேல குத்துவெளக்கு வைக்க."

றவூப் திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பணிப்பாளர் நாயகம் சிங்களத்தில் பேசினார். கெலிஓயாவில் கடை வைத்திருப்பவருக்கு அது விளங்காமலிருக்க வழியில்லை.

"மற்ற நிறுவனங்கள் ஆய்வுகளைப் பூட்டி வைக்கின்றன. நாங்கள் அவற்றை மக்களிடம் கொண்டு செல்கிறோம். பேராசிரியர் ஜஹானாவின் இருபது வருட ஆய்வு முழுவதும் இந்த நேரத்தில் உங்கள் கைகளில் இருக்கிறது." அவர் தன் இலைக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள். "இந்த மிளகில் சில வகை உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அவர் தம் உரையில் எழுதியிருக்கிறாராம். நான் இன்னும் வாசிக்கவில்லை, ஆனால் வாசித்ததாகக் கொள்ளப்படும். வேறெங்கும் இல்லாத ஒன்றை வந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிடுவதுதானே எங்கள் பண்பாடு. அதைக் கொடுக்கும்படி நான்தான் கையெழுத்திட்டேன் என்பதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்."

பக்கத்து ஆசனத்தில் மாட்டுத் தீவன நிபுணர் ஓர் இலையை மென்று பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, இதை மாடு தின்னாது என்று பீடாதிபதியிடம் சொன்னார். அந்த ஆய்வைப் பற்றி அவர் தானாக அறிந்துகொண்ட முதல் விஷயம் அது.

அடுத்து றவூபை மேடைக்கு அழைத்தார்கள். விழாக் குழுவின் நினைவுச் சின்னமாக, கண்ணாடி போட்ட ஒரு பெரிய சட்டகத்தைக் கொடுத்தார்கள். வெல்வெட் துணியில் அலுமினியத் தகடுகளை மிளகு இலை வடிவத்தில் வரிசையாகத் தைத்திருந்தார்கள். கொடிகளில் தகடு தொங்கினால் மேடைக்கு அசிங்கம் என்று கழற்றியவை. ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லா மலைகளும் இருந்தன. றவூப் சலாம் சொல்லி வாங்கிக்கொண்டார். புகைப்படம் எடுத்தார்கள்.

அச்சிட்ட உரையை மேசையில் வைத்து, வாசித்ததாகக் கொண்டு, எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு தேநீர்.

இலை வேர் விடாது, தண்டில் கணு இருந்தால் விடும் என்பது கண்டிப் பக்கம் வேலியில் மிளகு வைத்த எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. றவூப் சட்டகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டிஸும் கொக்கிஸும் தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்தார்.

"அந்தக் கட்ட எனக்குத் தர ஏலுமா?"

எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத் தந்தார்கள். ஓர் இளம் விரிவுரையாளர் மட்டும் தன் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அதைத் தாபனப் பிரிவில் காட்டினால்தான் இன்றைய வருகைக்குரிய புள்ளி கிடைக்குமாம்.

"எலைய நீங்க வெச்சிக்கொள்ளுங்க சேர். கட்டியீக்கிற தண்ட மட்டும் தாங்க."

அவர் யோசித்துவிட்டு, தண்டுக்குப் பதிலாக ரப்பர் வளையம் ஒன்று கிடைத்தால் தருவதாகச் சொன்னார். றிப்தா தன் கைப்பையில் தேடி ஒன்றைக் கொடுத்தாள். பீடாதிபதி பெருந்தன்மையோடு தன்னுடையதை நீட்டினார். "நினைவுக்கோ? எடுங்கோ, எடுங்கோ." மேடையில் கட்டியவற்றை இருளப்பன் அவிழ்த்துச் சாக்கில் போட்டார். பணிப்பாளர் நாயகத்தின் வாகனம் அதற்குள் போய்விட்டிருந்தது, அவருடைய கட்டோடு.

கடைக்குப் பின்னால், வெறும் பெயின்ட் வாளிகளில் மணலும் உரமும் போட்டு றவூப் எல்லாவற்றையும் நட்டார். வெயிலில் வாடியவை அழுகின. இறுக்கி முடிச்சுப் போட்ட இடத்தில் சில செத்தன. மழைக்காலம் தொடங்கியபோது கொஞ்சம் வாளிகளில் கணுவிலிருந்து சிவந்த முளை எட்டிப் பார்த்தது. கொடிகள் உயிரோடு இருந்தன. எது நக்கிள்ஸ், எது நமுனுகுலை, எது இப்போது கார் நிறுத்துகிற அந்த இடத்துக்குரியது என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. சட்டகத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். வாடிக்கையாளர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒருநாள் அவர் முளைவிட்ட வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வலைவீடு புதுப் பூட்டோடு வெறுமையாக நின்றது. பேராசிரியருக்குரிய இடமாதலால் யாரும் அதைத் தொடவில்லை. பீடாதிபதியின் அந்தூரியங்கள் விறாந்தையில் நெருக்கிக்கொண்டு இருந்தன. வெளியிலிருந்து கொண்டுவரும் செடியை வலைவீட்டுக்குள் வைப்பதென்றால் அந்த வலைவீட்டுக்குரிய பேராசிரியர் எழுத்தில் கேட்க வேண்டும் என்று காவலாளி சொன்னார். றவூப் வாளியை வாசலில் வைத்துவிட்டு, பீடாதிபதியின் அறைக்குப் போனார்.

"சேர், இந்தக் கொடியெல்லாம் எந்தெந்த மலை எண்டு கண்டுபுடிக்க ஏலாதா?"

"ஏன் ஏலாது? வடிவாக் கண்டுபிடிக்கலாம்," என்றார் பேராசிரியர் சிற்றம்பலம் உற்சாகமாக. "இலையில ஒரு சின்னத் துண்டு போதும். அதை அவவின்ர பழைய தரவோட ஒப்பிட்டால் எந்த மலையெண்டு சொல்லிப் போடும். தரவும் இருக்கு, மெஷினும் மேல்மாடியில இருக்கு."

றவூப் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப செய்து தாங்களன் சேர். எவ்வளவு நாள் எடுத்தாலும் பரவால்ல."

"அதுக்குத் தாவரக் குடித்தொகை மரபியல் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும். எங்களிட்ட இப்ப ஆரும் இல்லையே."

"ஒராள எடுக்க ஏலாதா?"

பீடாதிபதி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எப்பிடி எடுக்கிறது? வெற்றிடம் இல்லையே. அந்தப் பதவியில பேராசிரியர் ஜஹானா இருக்கிறா. ஆள் இருக்கிற பதவிக்கு விளம்பரம் போடச் சட்டம் விடாது. இன்னும் பதினாலு வருசத்தில அவ ஓய்வு பெறுவா. அப்ப வாங்கோ, கட்டாயம் செய்து தரலாம்."

"அதுக்குள்ள கொடி செத்துடுமே சேர்."

"அதுக்கு நீங்கள் பேராசிரியரோடதான் கதைக்க வேணும்," என்றார் பீடாதிபதி. மேசையிலிருந்த மணியைத் தட்டி, றவூபுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

றவூப் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார். விறாந்தையின் முடிவில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கல்விசார் ஊழியர்களின் பெயர்கள் எழுதிய பலகை மாட்டியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வந்தால் ஒருபக்கமும் போனால் மறுபக்கமும் தள்ளுவதற்கு ஒரு சிறிய மரத்துண்டு. பிறருடைய துண்டை நகர்த்துவது குற்றம் என்று பலகையின் அடியில் எழுதியிருந்தது. ஜஹானாவின் பெயருக்கு முன்னால் கலாநிதி என்பதை அழித்துப் பேராசிரியர் என்று புதிதாக எழுதியிருந்தார்கள். மரத்துண்டு, இறந்த அன்று காலை வேலைக்கு வந்ததும் அவள் தள்ளிவிட்ட பக்கத்திலேயே, 'உள்ளே' என்பதில் இருந்தது.